பரணில் கிடைத்த அக்ஃபா கிளிக் 3: ஒரு வருடம் படம் எடுத்துப் பார்த்த பிறகு

வீட்டுப் பரணிலோ பாட்டியின் ட்ரங்குப் பெட்டியிலோ பழைய கேமரா ஏதாவது கையில் சிக்கினால், தயவுசெய்து உடனே திறந்து பார்க்காதீர்கள். பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல் இருந்தால், வெளிச்சத்தில் சாய்த்து அதில் எண் ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். எண் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. எங்கள் தாத்தாவின் கேமராவில் 9 தெரிந்தது. 47 வருடமாக அந்த 9 அப்படியே நின்றுகொண்டிருந்திருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியாது.

இது அந்தக் கேமராவைப் பற்றிய விமர்சனம். அக்ஃபா கிளிக் 3. கூடவே அதே பெட்டியில் இருந்த யாஷிகா எலக்ட்ரோ 35 பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டில் எதைச் சரிசெய்து பயன்படுத்தலாம் என்றுதான் தெரிந்தவர்கள் பலரும் கேட்கிறார்கள்.

திருச்சி எடமலைப்பட்டிப்புதூரில் இருக்கும் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. அதற்காகப் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் கம்பு, கயிறு கட்டிய பழைய நோட்டுப் புத்தகங்கள், அதற்கெல்லாம் பின்னால் சுவரோரம் ஒரு பச்சை ட்ரங்குப் பெட்டி. தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். பெட்டியில் அவருடைய எண் பொறித்த பித்தளை டோக்கன் இருந்தது, ஓடாத எச்எம்டி கடிகாரம் இருந்தது, போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி முத்திரை வாங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தது. ரேடியோ வைத்திருக்க லைசென்ஸா என்று என் மகள் நம்பவே இல்லை. மாமா அவளை உட்கார வைத்து ஒவ்வொரு முத்திரையாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு வேட்டித் துண்டில் சுற்றி, கேமரா.

கையில் எடுத்தால் கனமே இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் ஜெர்மனியின் அக்ஃபா பெயரில் இங்கேயே செய்து விற்ற கேமரா இது. வெளிநாட்டுக் கேமரா வாங்க முடியாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இதுதான் முதல் கேமரா. உங்கள் வீட்டில் 60, 70களில் எடுத்த சதுரமான கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால், நான்கு மூலையும் கொஞ்சம் மங்கலாக, நடுவில் மட்டும் தெளிவாக இருந்தால், அது இந்த மாதிரிப் பெட்டிக் கேமரா எடுத்த படமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பேட்டரி கிடையாது. ஃபோகஸ் கிடையாது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று அடையாளம் இருக்கும், அதைத் தள்ளிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 120 என்ற அகலமான ஃபிலிம் ரோல் போட்டால் 6 செ.மீ.க்கு 6 செ.மீ. அளவில் 12 படம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் நாமேதான் ரோலைத் திருக வேண்டும், அடுத்த எண் சிவப்பு ஜன்னலுக்கு நடுவில் வந்து நிற்கும்வரை. அந்த எண் ஃபிலிமின் மேல் இல்லை, ஃபிலிமுக்குப் பின்னால் ஓடும் காகிதத்தின் மேல் அச்சடித்திருக்கும். இந்தக் காகிதத்தைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் படங்களைக் காப்பாற்றியதே அதுதான்.

சரி, ரோல் கதைக்கு வருகிறேன். ஜன்னலில் 9 என்று பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. 8 படம் எடுத்திருக்கிறார், ஒன்பதாவதுக்குத் திருகி வைத்திருக்கிறார், அப்புறம் எடுக்கவே இல்லை. அம்மாவைக் கேட்டேன். "அது வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்ததா இருக்கும்டா, வெள்ளத்துக்கு அப்புறம் தாத்தா கேமராவைத் தொடவே இல்லை" என்றார். திருச்சிக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் 1977 நவம்பர்தான், அதற்கு விளக்கம் தேவையில்லை. புயல் மழையில் கோரையாறு உடைத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். கீழே இருந்த கல்யாண ஆல்பம் உட்பட எல்லாம் போயிற்று. பரணில் இருந்தது மட்டும் தப்பியது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இனிமே வராது சார், ரோலை உருவிப் போட்டுட்டு ஷோகேஸ்ல வெச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திருகிவிட்டார். கிளிக்கில் பூட்டைத் திருகினால் உடம்பு இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். நான் கத்தியதும் மூடினார். ஒரு இரண்டு நொடி இருக்கும். ட்யூப் லைட் வெளிச்சம். எனக்கு அன்றைக்கு இருந்த கோபம் இப்போதும் அடங்கவில்லை, ஆனால் கடையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உள்ளே ரோல் இருக்கிறது, திறக்காதீர்கள் என்று கேமராவைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. நீங்கள் கொடுக்கும்போது ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி கேமரா மேல் ஒட்டியே கொடுங்கள்.

அப்புறம் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கையால் கழுவும் ஒரு நண்பரிடம் கேட்டேன். அவர் சொன்னது ஆறுதலாக இருந்தது. 120 ரோல் இறுக்கமாகச் சுற்றியிருந்தால் வெளிச்சம் உள் சுற்றுகளுக்குப் போகாது, பின்னால் இருக்கும் காகிதம் தடுத்துவிடும். முதலில் எடுத்த படம் சுருளின் மையத்தில் இருக்கும், கடைசியாக எடுத்தது வெளியே இருக்கும். அதனால் 9 போயிருக்கும், 8 போயிருக்கும், 7 பாதி போயிருக்கலாம், மீதி பிழைக்கும். போர்வைக்குள் கையை விட்டு இருட்டிலேயே ரோலைக் கடைசிவரை திருகி, வெளியே எடுத்து ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றி அவரிடம் அனுப்பினேன். அலுமினியத் தாளைச் சுற்றும் முன் காகிதத்தின் வெளிப்பக்கம் இருந்ததைப் படித்துவிட்டேன். இந்து என்று இருந்தது.

இந்து ஃபிலிம் என்றால் ஊட்டி. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு 1960-ல் தொடங்கிய நிறுவனம், 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. ஃபிலிம் செய்யக் குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் வேண்டும், அதற்குத்தான் மலை மேல் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தப் பக்கத்துக்கே இந்து நகர் என்று பெயர் வந்தது. எக்ஸ்ரே ஃபிலிம், தியேட்டரில் ஓட்டும் கறுப்பு வெள்ளை சினிமாப் பாசிட்டிவ், போட்டோ பேப்பர் எல்லாம் அங்கே செய்தார்கள். நாடு முழுக்க கலருக்கு மாறியபோது நிறுவனம் மாற முடியாமல் 90களில் நலிந்துவிட்டது, இப்போது இல்லை. பரோடா கேமராவில் ஊட்டி ரோல் போட்டு எடமலைப்பட்டிப்புதூரில் படம் எடுத்திருக்கிறார் எங்கள் தாத்தா. இறக்குமதிப் பொருள் என்று அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை, யாஷிகாவைத் தவிர.

இரண்டு வாரம் கழித்து நண்பர் ஃபோனில் நெகட்டிவைப் படமெடுத்து அனுப்பினார். 7 படம் வந்திருந்தது. நான் ஆபீசில் இருந்தேன், எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

பழைய ரோல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பளிச்சென்று எதிர்பார்க்காதீர்கள். இத்தனை வருடம் கிடந்ததால் ஃபிலிம் முழுக்க ஒரு சாம்பல் மூட்டம் ஏறிவிடும், மார்கழிக் காலையில் தெருவைப் பார்ப்பது மாதிரி இருக்கும். அப்புறம் அந்தப் பின் காகிதத்தில் அச்சடித்த எண்ணும் புள்ளிகளும் ஃபிலிமில் பதிந்துபோய் இருக்கும். எங்கள் ஐந்தாவது படத்தில் சரியாகக் கன்றுக்குட்டியின் வயிற்றில் 5 என்று மெலிதாக விழுந்திருக்கிறது. அதை ஸ்கேன் செய்தபோது அழித்துத் தருகிறேன் என்று நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

ஆமாம், கன்றுக்குட்டி. முதல் இரண்டு படம் வீட்டு வாசலில் குடும்பம் நிற்பது. மூன்றாவதில் மாமா சைக்கிளோடு நிற்கிறார், அவர் மேலேயே வேப்பமரமும் விழுந்திருக்கிறது, ஏனென்றால் கிளிக்கில் ரோலைத் திருக மறந்தாலும் ஷட்டர் அமுங்கும், ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்துவிடும். ஏழாவதில் பாட்டி கிணற்றடியில், வலது பக்கம் முழுக்க ட்யூப் லைட் தின்றுவிட்டது, முகம் தப்பித்துவிட்டது. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் கன்றுக்குட்டிதான். ஒன்றில் நிற்கிறது, ஒன்றில் தாய்மாட்டின் கழுத்துக்கடியில் தலையை விட்டிருக்கிறது, ஒன்றில் காமிராவை நோக்கி வந்துவிட்டது, மூக்கு மட்டும் பெரிதாக, ஃபோகஸ் இல்லாமல்.

அம்மா அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "செவத்தி" என்றார். பெயர் ஞாபகம் இருக்கிறது. மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எங்களை ஒரு படம் எடுங்கப்பான்னு கேட்டா, ரோல் காசை யார் குடுப்பான்னு கேப்பாரு. கன்னுக்குட்டிக்கு மூணு எடுத்திருக்காரே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 12 படத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய காலம். பொங்கலுக்கு இரண்டு, கல்யாணத்துக்கு நான்கு என்று பங்கு போட்டு எடுப்பார்களாம். அதில் மூன்று. வெள்ளத்தில் மாட்டையும் கன்றையும் ரயில் தண்டவாள மேட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய்ப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் வைக்கோல் போர் முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டதால் தீனி போட வழியில்லாமல் அடுத்த மாதமே இரண்டையும் விற்றுவிட்டார்கள். தாத்தா அப்புறம் ஏன் கேமராவைத் தொடவில்லை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அம்மா இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறார்.

இனி கேமராவைப் பற்றி. ரோல் வெளியே வந்ததும் அதிலேயே புதுசு போட்டு எடுக்க வேண்டும் என்று தோன்றியது. லென்ஸில் தூசி மட்டும்தான் இருந்தது, ஊது பம்பால் அடித்து மெல்லிய துணியால் துடைத்தேன். ஷட்டர் முதலில் இழுத்துப் பிடித்தது, காலியாகவே ஒரு முப்பது நாற்பது முறை அமுக்கியதில் இலகுவாகிவிட்டது. எண்ணெய் விடாதீர்கள். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள், அது மெதுவாகப் பரவி ஷட்டர் தகட்டில் ஒட்டி, அப்புறம் அசையவே அசையாது.

120 ரோல் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஆன்லைனில் வாங்கினேன், ரோல் ஒன்று ஆயிரத்தை ஒட்டி வந்தது. முதலில் 400 ஐஎஸ்ஓ ரோல் போட்டேன் (ஐஎஸ்ஓ எண் கூடக்கூட ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சமே போதும்), அது என் தவறு. இந்த மாதிரிப் பெட்டிக் கேமராவில் ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு என்ற அளவுக்குத்தான் மூடித் திறக்கும், லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தையும் ரொம்பச் சிறிதாக்க முடியாது. திருச்சி சித்திரை வெயிலில் 400 ரோலோடு போனால் வெளிச்சம் கொட்டிவிடும், வானமும் வெள்ளைச் சுவரும் ஒன்றாகிவிடும். 100 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை ரோல்தான் இதற்குச் சரி, அதுகூட நடு வெயிலில் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் அந்த அதிகத்தைத் தாங்கிக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்கு முன், மாலை நான்கரைக்குப் பின், திறந்த நிழல். இந்த மூன்றில் எடுத்தால் இந்தக் கேமரா ஏமாற்றாது.

இன்னொரு விஷயம் சிவப்பு ஜன்னல். அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகப் படாது, அதனால்தான் ஜன்னல் சிவப்பு. இப்போதைய ஃபிலிம் சிவப்பையும் பிடிக்கும். எனவே திருகும்போது மட்டும் நிழலில் நின்று திறந்து பார்த்துவிட்டு, மற்ற நேரம் ஒரு கறுப்பு டேப்பை ஜன்னல் மேல் ஒட்டிவையுங்கள். என் முதல் ரோலில் ஒவ்வொரு படத்திலும் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது, டேப் ஒட்டிய இரண்டாவது ரோலில் ஒன்றுகூட இல்லை.

ஆளை எடுக்க வேண்டுமென்றால் பத்தடி தள்ளி நில்லுங்கள். அதற்குள் வந்தால் முகம் கலங்கும், செவத்தியின் மூக்கு மாதிரி. ஷட்டர் மெதுவானது என்பதால் கை ஆடினால் படமும் ஆடும். நான் திண்ணைத் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்துகிறேன். ‘டக்’ என்று ஒரு தகர டப்பாச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மா திரும்பிப் பார்த்தார், அடுப்படியிலிருந்து. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார்.

படம் எப்படி வருகிறது? நடுப்பகுதி நான் நினைத்ததைவிடத் தெளிவு. அம்மாவின் புடவைக் கரையில் இருந்த கட்டம்வரை தெரிகிறது. மூலைகள் கரைந்துபோகும், அது லென்ஸின் குணம், குறையாக எனக்குத் தோன்றவில்லை. நெகட்டிவ் பெரியது என்பதால் பன்னிரண்டு அங்குலச் சதுரமாகப் பிரிண்ட் போட்டாலும் தாங்குகிறது. வ்யூஃபைண்டர்தான் சோதனை. கண்ணாடி போட்டவர்களுக்கு முழுச் சட்டமும் தெரியாது, அதில் தெரிவதற்கும் ஃபிலிமில் விழுவதற்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டு எடுத்துவிடுங்கள்.

யாஷிகாவுக்கு வருகிறேன். மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தபோது 1981-ல் வாங்கி வந்தது, எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். இந்த வரிசையில் முதல் கேமரா 1966-ல் வந்தது, ஜிஎஸ்என் 1973-ல். 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ், இன்றைக்கும் நல்ல லென்ஸ் என்பதில் சந்தேகமே வேண்டாம். துவாரத்தை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்துகொள்ளும். வெளிச்சம் அதிகமானால் சிவப்பு விளக்கு, குறைந்தால் மஞ்சள் விளக்கு. எங்கள் சித்தியின் கல்யாணம் முழுக்க இதில்தான் எடுத்தது.

ஆனால் இதைப் பரணிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்த முடியாது. முதலில் பேட்டரி. இதற்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி போட வேண்டும், பாதரசம் என்பதால் அது இப்போது விற்பனையில் இல்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியை வாங்கி, அது நீளம் குறைவு என்பதால் பேனா ஸ்பிரிங் ஒன்றை இடையில் வைத்து ஓட்டிவிடலாம், வோல்ட் வித்தியாசத்தால் பெரிய பிரச்சினை வரவில்லை. பேட்டரி இல்லாமலும் அமுக்கினால் அமுங்கும், ஆனால் எப்போதும் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அப்புறம் பின்மூடி ஓரத்தில் இருக்கும் கறுப்பு நுரை. வெளிச்சம் புகாமல் இருக்க வைத்தது, இத்தனை வருடத்தில் உருகி, பனங்கற்கண்டுப் பாகு மாதிரி பிசுபிசுவென்று ஆகியிருந்தது. பல் குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சுரண்டினேன். இதெல்லாம் நாமே செய்யலாம்.

நாமே செய்ய முடியாதது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் திண்டு. அது பொடிந்துபோனால் விளக்கு எரியும், ஷட்டர் வேகம் மட்டும் தப்பாக வரும். ரோலைத் திருகும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் திண்டு நன்றாக இருக்கிறது. எங்களுடையதில் கேட்கவில்லை. சென்னையில் ஒரு வயதான மெக்கானிக் பிரித்துச் சரிசெய்து, லென்ஸ் ஓரத்தில் பிடித்திருந்த பூஞ்சையையும் துடைத்துக் கொடுத்தார், மூவாயிரத்து ஐந்நூறு வாங்கினார். பூஞ்சை மெல்லிய வேர் மாதிரி கண்ணாடிமேல் படர்ந்திருந்தது. காரணம் யாஷிகாவைப் போட்டு வைத்திருந்த தோல் உறை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் மழைக்காலத்தில் தோல் உறைக்குள் வைத்த கேமராவில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் அதிசயம். உறையைத் தனியாக வையுங்கள், கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தாத்தா வேட்டித் துண்டில் சுற்றி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

ஆக, வாங்கலாமா, வைத்திருக்கலாமா, விற்கலாமா? விற்க நினைத்தால் கிளிக்குக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, நான் பார்த்த விலையெல்லாம் ஆயிரம் இரண்டாயிரம்தான். பழைய கேமரா லட்சத்துக்குப் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வேறு ஜாதிக் கேமரா. ஃபிலிமில் படம் எடுத்துப் பழக வேண்டும், தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் யாஷிகா, பழுது பார்க்கும் செலவுக்குத் தயாராக இருந்தால் மட்டும். வீட்டில் கிளிக் கிடக்கிறது என்றால் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, ஒரு ரோல் போட்டுப் பாருங்கள். நான் என் வீட்டில் இருப்பதால்தான் இவ்வளவு பாசமாக எழுதுகிறேன் என்று நினைக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரு வருடம் வைத்துப் பார்த்ததில், அம்மா யாஷிகா முன்னால் நின்றால் சேலையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்கிறார், கிளிக் முன்னால் அப்படி நிற்பதில்லை.

கேமராவைவிட நெகட்டிவ்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெட்டியில் பழுப்பு உறைகளில் நாற்பது ஐம்பது நெகட்டிவ் இருந்தது. ஒரு உறையைத் திறந்ததும் சுள்ளென்று வினிகர் வாடை அடித்தது. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதைய ஆரம்பித்தால் அப்படித்தான் அடிக்கும், அந்தப் புகை பக்கத்தில் இருக்கும் நல்ல நெகட்டிவையும் கெடுக்கும். வாடை அடிப்பதை உடனே பிரித்துத் தனியாக வைத்து, அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனர் இல்லையென்றால் டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதற்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்து ஃபோனில் எடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டாலே முகம் தெரிந்துவிடும், அவசரத்துக்கு அது போதும். அம்மா பட்டுப்புடவைக்குப் போட்ட பாச்சை உருண்டை இரண்டு அதே பெட்டியில் கிடந்தது, அதையும் எடுத்துவிட்டேன், போட்டோவுக்கும் ஃபிலிமுக்கும் அது ஆகாது. பசை தடவிய பக்கத்தில் அழுத்தி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பம் இருக்கிறதே, அதில் மாற்றி ஒட்டிவிடலாம் என்று மாமி சொன்னார். வேண்டவே வேண்டாம். அந்தப் பசை பத்து இருபது வருடத்தில் மஞ்சளாகி, படத்தைப் பிய்த்தால்தான் வரும். தாத்தா மூலைக் காகிதம் வைத்துக் கறுப்பு அட்டையில் செருகிய படங்கள், நடுவில் பட்டர் பேப்பர் வைத்தவை, இன்றைக்கும் அப்படியே கழன்று வருகின்றன.

படங்களுக்குப் பின்னால் பென்சிலால் பெயர் எழுதச் சொல்லி மாமாவையும் அம்மாவையும் இரண்டு ஞாயிறு உட்கார வைத்தோம். பேனா வேண்டாம், மை இறங்கும். பதினேழு படத்தில் இருப்பவர்கள் யார் என்று இருவருக்குமே தெரியவில்லை. ஒரு படத்தில் பொன்மலை ஒர்க்‌ஷாப் வாசலில் தாத்தாவோடு நான்கு பேர் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள், நால்வரில் ஒருவர் பெயரும் தெரியவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் பாட்டி இருந்தபோது இந்தப் பெட்டியை இறக்கியிருந்தால் நான்கு பேரையும் சொல்லியிருப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏழு படத்தில் எதைப் பெரிதாகப் பிரிண்ட் போடலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். வாசலில் எல்லோரும் நிற்கும் படத்தைச் சொல்வார் என்று நினைத்து, அதற்குச் சட்டம்கூட அளவு பார்த்து வைத்திருந்தேன். ஐந்தாவதைப் போடு என்றார். எட்டு அங்குலச் சதுரத்தில் போட்டுக் கொடுத்தோம், வயிற்றில் 5 என்ற எண்ணோடு. சமையலறையில் காலண்டர் மாட்டிய ஆணியில், காலண்டரைக் கழற்றிவிட்டு, அதை மாட்டியிருக்கிறார். மாமா வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் நின்று, மூணு படம் எடுத்திருக்காரே என்கிறார்.